உங்கள் வீட்டு டாப் 5 என்ன?





பண்டிகை நாளில் மதியச் சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டு கூடத்துக்கு வந்த பிறகு உங்கள் வீட்டில் என்ன பேச்சு ஓடும்? அரசியலை எடுத்தால் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒத்துவராது. சொத்துப் பேச்சை எடுத்தால் யாருக்குமே ஒத்துவராது. மிச்சம் இருப்பது சினிமா.

‘நாயகன்’ பெரிசா, ‘தேவர் மகன்’ பெரிசா? ‘தளபதி’யா, ‘பாட்ஷா’வா? யாராவது ஒருவர் கிளப்பிவிட்டால் போதும். நான்கு மணி காபி வரும்வரை வீடு ரெண்டுபடும்.

எங்கள் ஆபீஸிலும் இதே கதைதான். இதழ் முடிக்கிற நாளில் கடைசிப் பக்கங்கள் அச்சுக்குப் போகக் காத்திருக்கும்போது, லே-அவுட் மேஜையிலிருந்து யாராவது ஒரு படத்தின் பெயரைச் சொல்லி “இதை அடிச்சுக்க ஆளே இல்ல” என்பார். ப்ரூஃப் பார்க்கிறவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் களத்தில் இறங்குவார். அப்புறம் என்ன, பக்கம் போக அரை மணி நேரம் லேட்!

இது வெட்டிப்பேச்சு என்று நான் சொல்லமாட்டேன். பிடித்த படத்துக்காக வாதாடும்போதுதான் ‘எனக்கு இது ஏன் பிடித்தது’ என்றே நாம் யோசிக்கிறோம். அதுவரை ‘நல்லாருக்கு’ என்ற ஒரே வார்த்தையோடு முடிந்துபோன படத்துக்கு, முதல்முறையாக நாலு காரணம் தேடுகிறோம். நல்லதுதானே?

எனக்கிருக்கும் கேள்வி வேறு. எதை வைத்து வரிசைப்படுத்துகிறோம்? யாரைக் கேட்டு வரிசைப்படுத்துகிறோம்?

முதல் கேள்வியை முதலில் பார்ப்போம்.

நம் தாத்தா காலத்தில் ஒரு படத்தின் தரத்தை நாள் கணக்கில் அளந்தார்கள். நூறு நாள் ஓடினால் வெற்றி, 175 நாள் ஓடினால் வெள்ளி விழா. 1944 தீபாவளிக்கு வந்த எம்.கே.தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது என்று இன்றுவரை பெருமையாகச் சொல்கிறோம். அந்தக் கணக்கில் ஒரு நியாயம் இருந்தது. ஒரு ஊரில் ஒரே தியேட்டரில் ஒரு படம் இத்தனை நாள் ஓடுகிறது என்றால், பார்த்தவர்களே திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள், பார்க்காதவர்களை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிறகு மார்க் வந்தது. விகடனில் எந்தப் படத்துக்கு எத்தனை மார்க் என்று பரீட்சை ரிசல்ட் பார்ப்பதுபோலப் பார்த்த தலைமுறை ஒன்று உண்டு. பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ படத்துக்குக் கிடைத்த 62½ மார்க்கை, அந்த அரை மார்க்கோடு சேர்த்து இன்றைக்கும் சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். நூற்றுக்கு அறுபதைத் தாண்டுவதே சாதனையாக இருந்த காலம் அது. அப்புறம் சன் டி.வி.யின் ‘டாப் 10 மூவீஸ்’. இந்த வாரம் எந்தப் படம் ஏறியது, எது இறங்கியது என்று தெரிந்துகொள்ள ஞாயிற்றுக்கிழமை டி.வி. முன்னால் உட்கார்ந்தோம்.

இப்போது? கோடி.

“எங்க தலைவர் படம் முதல் நாளே இத்தனை கோடி” என்கிறான் ப்ளஸ் டூ படிக்கிற பையன். “ஓவர்சீஸ்ல எங்களுது அதைத் தாண்டிடுச்சு” என்கிறான் எதிர்வீட்டுப் பையன். கிராஸ் எவ்வளவு, ஷேர் எவ்வளவு, எந்த ஏரியா எவ்வளவுக்குப் போனது என்று விநியோகஸ்தர் பேசவேண்டியதை எல்லாம் பிள்ளைகள் பேசுகிறார்கள். படத்தில் எந்த சீன் பிடித்தது என்று கேட்டுப் பாருங்கள். “இன்ட்ரோ செமயா இருந்துச்சு” என்பதோடு நின்றுவிடுவார்கள்.

ஒன்று கேட்கிறேன். அந்தக் கோடியில் ஒரு ரூபாயாவது நம் வீட்டுக்கு வருகிறதா? நம் வீட்டிலிருந்து போனது மட்டும் நிச்சயம். டிக்கெட், இன்டர்வெல்லில் பாப்கார்ன், பார்க்கிங் எல்லாம் சேர்த்து நான்கு பேர் உள்ள குடும்பம் ஒரு படம் பார்க்க என்ன செலவாகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

அந்தக் கணக்காவது சரியா என்றால் அதுவும் இல்லை. நம் நாட்டில் சினிமா வசூலைச் சரிபார்த்து அறிவிக்கிற அதிகாரப்பூர்வமான அமைப்பு எதுவும் கிடையாது. போஸ்டரில் போடுகிற எண்தான் எண். அதிலும் வரி போக, தியேட்டர் பங்கு போகத்தான் தயாரிப்பாளர் கைக்குப் போய்ச் சேரும். டிக்கெட் விலை ஏற ஏற, திரைகளின் எண்ணிக்கை கூடக் கூட, வசூலும் கூடத்தான் செய்யும். எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்னன்’ வந்தது 1958-ல். அந்தக் காலத்துக் காசையும் இந்தக் காலத்துக் கோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது பெரிய ஹிட் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

வசூலை வைத்து அளந்திருந்தால் நாம் இழந்திருக்கக்கூடிய படங்களை நினைத்துப் பாருங்கள். 2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ தியேட்டரில் எடுபடவில்லை. கமலும் மாதவனும் ஒரிசாவிலிருந்து ஊர் திரும்ப அல்லாடுகிற அந்தக் கதையை மக்கள் கண்டெடுத்தது பிறகு, டி.வி.யில். இன்று எத்தனையோ பேருடைய முதல் ஐந்தில் அது இருக்கிறது. 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒரே நாளில் வந்தன. அந்தத் தீபாவளி ‘தளபதி’யுடையது, சந்தேகமே இல்லை. ஆனால் 33 வருஷம் கழித்து, 2024-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படத்தில் கொடைக்கானலின் ‘குணா’ குகையும் ‘குணா’ பாட்டும் வந்தபோது, ‘குணா’ ரிலீஸானபோது பிறந்தே இராத பிள்ளைகள் தியேட்டரில் கூடவே பாடினார்கள். அப்படியானால் அந்த 1991 தீபாவளியின் ரேஸ் எப்போது முடிந்தது? முடிந்துவிட்டதா என்ன?

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். யாரைக் கேட்கிறோம்?

இதற்கு ஓர் அருமையான உதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்று ஒரு சினிமாப் பத்திரிகை. 1952-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒருமுறை உலகத்தின் சிறந்த படங்கள் எவை என்று விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். முதல் தடவை முதலிடம் பிடித்தது இத்தாலியப் படமான ‘பைசிக்கிள் தீவ்ஸ்’. 1941-லேயே வந்துவிட்ட ‘சிட்டிசன் கேன்’ அந்த முறை முதல் பத்தில்கூட இல்லை. ஆனால் 1962-ல் அது முதலிடத்துக்கு வந்து உட்கார்ந்தது. 2002 வரை ஐந்து வாக்கெடுப்புகளில் அதை யாராலும் அசைக்க முடியவில்லை. 2012-ல் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ அதைத் தள்ளிவிட்டு மேலே வந்தது.

2022-ல்தான் பெரிய ஆச்சரியம். முந்தைய பட்டியலில் முதல் முப்பதுக்குள்ளேயே இல்லாத ஒரு படம் நேராக முதலிடத்துக்கு வந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஷான்டல் அகர்மான் என்ற பெண் 1975-ல், இருபத்தைந்து வயதுகூட நிறையாதபோது எடுத்த ‘ஜான் டீல்மான்’.

கதை என்ன தெரியுமா? கணவனை இழந்த ஒரு பெண்ணின் மூன்று நாள் வாழ்க்கை. படுக்கையைச் சரிசெய்கிறாள். பாத்திரம் தேய்க்கிறாள். மகனுக்குச் சூப் ஊற்றிக் கொடுக்கிறாள். வீட்டுச் செலவுக்காகத் தினமும் மதியம் ஓர் ஆணை வீட்டுக்குள் அனுமதிக்கிறாள். அது முடிந்ததும் மறுபடி சமையலறை. அவள் உருளைக்கிழங்கு தோல் சீவுவதை கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் படம். ஒரு நாள் கிழங்கு குழைந்துபோகிறது. அங்கிருந்து அவளுடைய ஒழுங்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைகிறது.

‘இதுவா உலகத்தின் சிறந்த படம்?’ என்று பெரிய பெரிய ஆட்களே கோபப்பட்டார்கள். அந்தப் படம் 1975-லிருந்து அப்படியேதான் இருக்கிறது. ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை. மாறியது ஓட்டுப் போட்டவர்கள். 2012-ல் 846 பேரைக் கொண்டு எடுத்த பட்டியலை 2022-ல் 1,639 பேரைக் கொண்டு எடுத்தார்கள். புதிய ஆட்கள், வேறு வேறு நாட்டுக்காரர்கள், நிறையப் பெண்கள். கேட்கப்படாமல் இருந்தவர்களைக் கேட்டதும் பட்டியலே வேறாகிவிட்டது. சமையலறையில் நிற்பவளின் மூன்று நாளும் சினிமாதான் என்று சொல்ல அப்போதுதான் போதுமான ஆட்கள் இருந்தார்கள். சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’யும் அந்தப் பட்டியலில் 35-வது இடத்தில் இருக்கிறது. முதல் நூறில் இருக்கும் ஒரே இந்தியப் படம் அதுதான். இந்தியாவில் கேட்க வேண்டியவர்கள் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ!

இப்போது நம் வீட்டுக் கூடத்துக்கு வாருங்கள்.

மாமாவும் சித்தப்பாவும் அண்ணனும் ‘நாயகன்’, ‘தேவர் மகன்’ என்று அடித்துக்கொள்கிறார்களே, அந்த நேரத்தில் வீட்டுப் பெண்கள் எங்கே இருந்தார்கள்? பாதிப் பேர் பாத்திரம் ஒழித்துப்போட்டுக்கொண்டு இருந்திருப்பார்கள். மீதிப் பேர் நான்கு மணி காபிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்திருப்பார்கள். “அம்மா, உனக்குப் பிடிச்ச அஞ்சு படம் சொல்லு” என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

கேட்டுப் பாருங்கள். முதலில் “எனக்கென்ன தெரியும், நீங்க எல்லாம் சொன்னாப் போதாதா” என்பார்கள். விடாதீர்கள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக ஒரு பெயர் வரும். ‘தில்லானா மோகனாம்பாள்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கேட்டால், நமக்குத் தெரிந்த காரணமாக இருக்காது. சிவாஜி நாதஸ்வரம் வாசிக்கும்போது கன்னமும் கழுத்து நரம்பும் புடைப்பதைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருப்போம். நிஜமாக வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்றும் சொல்லிவைத்திருப்போம். அம்மா அதையெல்லாம் விட்டுவிட்டு, ‘பெத்த மகளைப் பணக்காரனுக்குக் கட்டிவெச்சிடலாம்னு அந்த வடிவாம்பாள் அலையறா பாரு, அவ முழுக்கக் கெட்டவ இல்லடா, பயந்தவ’ என்று சொல்லக்கூடும். சி.கே.சரஸ்வதியின் அந்தப் பாத்திரத்தை நாம் அதுவரை வில்லி என்று மட்டும்தான் பார்த்திருப்போம்.

பாட்டியைக் கேளுங்கள். ‘காதலிக்க நேரமில்லை’ என்று சொல்லிவிட்டுச் சொல்லும்போதே சிரிப்பார். நாகேஷ் பேய்க்கதை சொல்ல, பாலையாவின் முகம் கோணிக்கோணிப் போகுமே, அந்த சீன். 1964-ல் வந்த படம். பேய் கிடையாது, செட் கிடையாது. ஒருவர் சொல்கிறார், இன்னொருவர் பயப்படுகிறார், அவ்வளவுதான். இன்றைக்குப் போட்டாலும் வீடே சிரிக்கிறது.

கவனித்தீர்களா, நம் ‘ஆல் டைம் பெஸ்ட்’ பட்டியல்களில் காமெடிப் படம் எங்காவது முதலிடத்தில் இருக்கிறதா? அழவைத்தால் பெரிய படம், யோசிக்கவைத்தால் பெரிய படம், சிரிக்கவைத்தால் மட்டும் ‘சும்மா டைம்பாஸ்’. ஆனால் சேனல் மாற்றிக்கொண்டே வரும்போது ‘மைக்கேல் மதன காமராஜன்’ ஓடினால் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுகிறோம். ‘தில்லு முல்லு’வில் ரஜினி மீசையோடு தேங்காய் சீனிவாசன் முன்னால் நிற்கிற இடம் வந்தால், அடுப்பில் இருப்பதை சிம்மில் வைத்துவிட்டு வந்து நிற்கிறோம். எத்தனையாவது தடவை என்ற கணக்கே இல்லை. இதைவிட நேர்மையான தரவரிசை உண்டா?

ரசத்தையும் பாயசத்தையும் ஒரே தராசில் வைத்து எது உசத்தி என்று கேட்க முடியாது. அதனால் ஆளுக்கொரு பட்டியல் இருப்பதில் தப்பே இல்லை. ‘டைம்’ பத்திரிகை 2005-ல் நூறு சிறந்த படங்களின் பட்டியல் போட்டு ‘நாயகன்’ படத்தைச் சேர்த்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அந்தப் பட்டியலில் முதலிடம், பத்தாவது இடம் என்று எண்ணே போடவில்லை என்பதைத்தான் பலரும் மறந்துவிட்டார்கள்.

கொஞ்சம் கசப்பான ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும்.

பட்டியல் போட்டி பல வீடுகளில் இப்போது வெறும் விளையாட்டாக இல்லை. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோகிறது. பெரியப்பா பையன் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியேறுகிறான். போனில் முகம் தெரியாத யாரையோ, அவன் வீட்டுப் பெண்களைச் சேர்த்துத் திட்டுகிறான் நம் வீட்டுப் பிள்ளை. 2023 பொங்கலுக்கு ‘துணிவு’, ‘வாரிசு’ இரண்டும் ஒரே நாளில் வந்தன. அன்று அதிகாலைக் கொண்டாட்டத்தில், ஓடுகிற லாரி மேல் ஏறி ஆடிய ஓர் இளைஞர் கீழே குதித்ததில் அடிபட்டு இறந்துபோனார். வயது பத்தொன்பது. இரண்டு படங்களில் எது ஜெயித்தது என்று அந்த வீட்டில் யாருக்குக் கவலை இருக்கும்?

யாருக்காகச் சண்டை போடுகிறோமோ, அவர்கள் அப்படி இல்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எம்.ஜி.ஆர், சிவாஜி ரசிகர்கள் ஊர் ஊராக மோதிய காலத்தில், அவர்கள் இருவரும் ‘கூண்டுக்கிளி’யில் சேர்ந்தே நடித்திருந்தார்கள். இருவரும் சின்ன வயதிலேயே நாடக மேடைக்கு வந்தவர்கள். கமலும் ரஜினியும் தனித்தனியாக நடிப்பது இருவருக்குமே நல்லது என்று பேசி முடிவெடுத்துப் பிரிந்தவர்கள். அவர்களுடைய நட்புக்கு இன்றுவரை ஒரு குறையும் வரவில்லை. அவர்களுக்குள் இல்லாத பகையை அவர்கள் பெயரில் நாம் ஏன் சுமக்கவேண்டும்?

‘இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் நம்பர் ஒன் எது’ என்று கேட்பீர்கள். நழுவமாட்டேன். 1978-ல் மகேந்திரன் முதன்முதலாக இயக்கிய ‘முள்ளும் மலரும்’. அந்தக் கடைசி சீனுக்காக. எல்லாரும் காளியை விட்டுவிட்டுப் போகிறார்கள், தங்கை வள்ளி மட்டும் கல்யாணத்தை விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடிவருகிறாள். அந்த ஒன்று போதும் காளிக்கு. ஒற்றைக் கையோடு நிற்கிற மனிதன் நிமிர்ந்துவிடுகிறான். தங்கையைத் தானே கூட்டிக்கொண்டு போய், அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் இன்ஜினீயரிடம் ஒப்படைக்கிறான். ஆனால் ‘உங்களை எனக்கு இப்பவும் பிடிக்கவில்லை’ என்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் ஒப்படைக்கிறான். மனம் திருந்தி மாப்பிள்ளையைக் கட்டிப்பிடிக்கவில்லை பாருங்கள், அங்கேதான் அந்தப் படம் எனக்கு உசத்தி. நம் வீட்டுக் கல்யாணங்களிலும் பல அண்ணன்கள் இப்படித்தானே நிற்கிறார்கள்? நீங்கள் ஒத்துக்கொள்ளவேண்டும் என்ற கட்டாயமில்லை. எங்கள் ப்ரூஃப் ரீடரே ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்த லீவு நாளில் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு பேப்பர், ஒரு பேனா. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்த ஐந்து படங்களை எழுதட்டும். மூன்றே நிபந்தனை. வசூலைப் பற்றிப் பேசக்கூடாது. ஹீரோவின் பெயரைக் காரணமாகச் சொல்லக்கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரே ஒரு சீனையாவது சொல்லி, அது ஏன் பிடித்தது என்று சொல்லவேண்டும். முதல் வாய்ப்பு வீட்டின் மூத்த பெண்மணிக்கு. அவர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக்கூடாது. காபியை அன்று ஆண்கள் போடட்டும்.

உங்கள் பிள்ளைகளின் பட்டியலில் நீங்கள் கேள்விப்படாத கொரியப் படமோ, ஜப்பானிய அனிமேஷனோ இருக்கும். முகம் சுளிக்காமல் ஒரு நாள் அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். பதிலுக்கு உங்கள் ‘உதிரிப்பூக்க’ளை அவர்கள் போனை வைத்துவிட்டுப் பார்க்கவேண்டும் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படி எழுதிய பட்டியலை எங்களுக்கும் அனுப்புங்கள். குறிப்பாக அம்மாக்களுடைய பட்டியலை, பாட்டிகளுடைய பட்டியலை, அவர்கள் சொன்ன காரணத்தோடு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே. வருகிற இதழ்களில் அவற்றுக்குப் பக்கம் ஒதுக்குகிறோம். எந்தப் படம் எத்தனை ஓட்டு என்று எண்ணிப் போடமாட்டோம், அது உறுதி.

அன்புடன்,
ஆசிரியர்